கண்டதையும் குடிக்காத வண்டி

ட்ரெய்லரைத்தான் முதலில் வாங்கினேன். அதை இழுக்க வண்டி இல்லை. என் வாழ்க்கையில் பல காரியங்கள் இந்த ஒழுங்கில்தான் நடந்திருக்கின்றன.

இருபத்தாறு அடி நீளம். உள்ளே ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, ஒரு குளியலறை, மடித்து விரிக்கும் மேசை. எங்கேயாவது இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி உள்ளேயே தங்குவதற்கென்று செய்த சக்கர வீடு. விற்ற வெள்ளைக்காரத் தம்பதிக்கு இனி ஓடித் திரிய முடியாத வயது வந்திருந்தது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிக்கரிங்குக்கு வடக்கே ஒரு பண்ணையின் ஓரத்தில் அவர்களே கொண்டுவந்து விட்டுப் போனார்கள். ஆறு மாதம் அது புல்லுக்குள் நின்றது. சனிக்கிழமைகளில் நான் போய், அதற்குள் இருந்து தேநீர் குடித்துவிட்டு வருவேன்.

வாங்கியதற்குக் காரணம் மனைவியின் விரல்கள். ஸ்காபரோவில் மீன் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையின் குளிர் அறையில் அவள் பத்தொன்பது வருடமாக வேலை செய்துகொண்டிருந்தாள். கையுறைக்கு மேல் கையுறை போட்டாலும் விரல்கள் மெழுகுபோல வெளுத்துவிடும். பிறகு நீலமாகும். வீட்டுக்கு வந்து சூடேறும்போது சிவந்து நோகும். கடைசி இரண்டு வருடமாக நுனிகளில் புண் வரத் தொடங்கியிருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, குளிரைத் தவிர்க்க வேண்டும் என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் சொன்னாள்:

"ஜனவரி மாசம் குளிரைத் தவிர்க்கிறதுக்கு மருந்துச்சீட்டு எழுதித் தருவாரோ எண்டு கேட்டிருக்கலாம்."

நவம்பரில் புறப்பட்டு, குளிர்காலம் முழுவதும் தெற்கே எங்காவது ட்ரெய்லரில் இருந்துவிட்டு, ஏப்ரலில் திரும்புவது என் யோசனை. நீண்ட தூர லொறி ஓட்டும் ஒருவர் மெக்சிக்கோவின் கடற்கரைகளைப் பற்றிச் சொல்லியிருந்தார். கனடாக்காரர் அங்கே ட்ரெய்லர்களை வரிசையாக நிறுத்திவிட்டு அரைக்காற்சட்டையோடு திரிவார்களாம். நான் அன்றே மனத்தளவில் போய்விட்டேன். அவள் போகவில்லை. முப்பது வருடமாக என்னுடைய யோசனைகளைக் கேட்டவள். கலியாணம் கட்டியதிலிருந்து நாங்கள் பதினான்கு வீடு மாறியிருந்தோம். அவற்றில் ஒன்பது நிலக்கீழ் அறைகள்.

அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"வண்டியை வாங்குங்கோ. ட்ரெய்லரைக் கொழுவிக்கொண்டு ரெண்டு இரவு எங்கையாவது போய் வருவம். ஒரு பிழையும் இல்லாமல் திரும்பி வந்தால், திங்கக்கிழமை நான் வேலைக்கு விலகல் கடிதம் குடுப்பன். பிழைச்சால் நான் வேலையிலை நிப்பன். நீங்கள் இனி இடம் மாறுற கதை எடுக்கப்படாது. சாகுமட்டும்."

"சின்னப் பிழை எண்டால்?"

"சின்னதோ பெரிசோ."

சரி என்றேன். அவளுடைய விரல்களுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அது உண்மை. ஒரே இடத்தில் ஆறு வருடம் இருந்ததில் எனக்குக் கால் உளைந்துகொண்டிருந்ததும் உண்மை.

எனக்கு எஞ்சின்களைப் பற்றித் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லொறியில் கிளீனராக ஏறியவன். சாரதியானது தடைக் காலத்தில். யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வராமல் அரசாங்கம் மறித்து வைத்திருந்த வருடங்கள் அவை. கார்களும் மோட்டார்சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் ஊசி மருந்துப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் நாலு துளி விடுவார்கள். எங்கள் டீசல் லொறிக்கு மண்ணெண்ணெயோடு பழைய எஞ்சின் ஒயில் கலந்தோம். ஒயில் இல்லாதபோது தேங்காயெண்ணெய் கலந்தோம். அப்போது லொறி போன தெருவெல்லாம் யாரோ பலகாரம் சுடுவதுபோல மணக்கும். எஞ்சின் என்பது எதைக் கொடுத்தாலும் குடிக்கும், கொஞ்சம் இருமும், பிறகு ஓடும். அதுதான் என் படிப்பு.

அதன்பிறகு பல நாடுகள். இரண்டில் மொழி தெரியாமலே குளிர்காலத்தைக் கழித்தேன். ஒன்றில் கோழிப்பண்ணையின் மேல்தட்டில் பதினொரு பேர் படுத்தோம். மற்றதில் ஐந்து மாதம் மறியல், சிறைதான். சாப்பாடு நேரத்துக்கு வந்தது. ரொறன்ரோவுக்கு வந்தபின் செய்யாத வேலை குறைவு. ஆனால் டீசல் வண்டி எதுவும் சொந்தமாக வைத்திருந்ததில்லை.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். மன்னார்ப் பக்கத்து ஆள், கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது இளமை. பிக்கப் ட்ரக்குகளில் கெட்டிக்காரர் என்று பெயர். அவர் ஒரு வண்டியின் அடியில் படுத்துக்கொண்டே கேட்டார்:

"என்ன பாரம் இழுக்கப் போறியள்? எங்கை போகப் போறியள்? ரெண்டையும் சொல்லுங்கோ அண்ணை. பிறகு வண்டியைப் பாப்பம்."

பாரத்தைச் சொன்னேன். அந்தப் பாரத்துக்கும் மலை ஏற்றத்துக்கும் டீசல்தான் நல்லது என்றார். மெக்சிக்கோ என்றேன். அவர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

"அண்ணை, டீசல் எண்டால் எல்லாம் ஒண்டில்லை."

கையைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். இரண்டாயிரத்து ஏழு வாக்கில் டீசல் ட்ரக்குகள் மாறிவிட்டன. அதற்குப் பிந்திய வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஒரு வடி இருக்கிறது. அவற்றுக்குக் கந்தகம் நீக்கிய டீசல் மட்டும்தான் அடிக்கலாம். கந்தகம் கூடிய டீசலை அடித்தால் வடி அடைத்துப் பழுதாகிவிடும்.

"இஞ்சையும் அமெரிக்காவிலையும் எந்த பம்பிலை அடிச்சாலும் கந்தகம் கழிச்சதுதான் வரும். மெக்சிக்கோவிலை எல்லைப் பக்கமும் பெரிய பட்டினங்களிலும் கிடைக்கும் எண்டு சொல்லுறாங்கள். உள்ளுக்கை போனால் என்ன வரும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன்."

"அப்ப பழைய வண்டி எடுத்தால்?"

"பழசு கண்டதையும் குடிக்கும். ஆனால் இந்த நாட்டு ரோட்டு உப்பு அதைத் திண்டிருக்கும். யோசிச்சுச் செய்யுங்கோ."

பிறகு இன்னொன்றும் சொன்னார். புதிய வண்டிகளுக்கு டீசல் தாங்கிக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட இரண்டாவது தாங்கி ஒன்று இருக்கும். அதில் டெஃப் என்ற ஒரு திரவம் விட வேண்டும். எஞ்சினுக்குள் போகாது. புகைக்குழாய்க்குள் தெளித்து, புகையில் இருக்கும் நஞ்சைக் கழுவும். அது முடிந்தால் வண்டி ஓடாது.

"என்ன தண்ணி அது?"

"யூரியாத் தண்ணி."

"பயிருக்குப் போடுற யூரியாவோ?"

"அதே சாமான்தான்," என்றார். அந்தப் பதிலை அவர் கொஞ்சம் நீட்டிச் சொல்லியிருக்கலாம்.

முதலில் பழைய வண்டி ஒன்றைப் பார்க்கப் போனோம். ஒரு விவசாயி விற்கிறார். வெள்ளை நிறம். சாவியைத் திருப்பியதும் தகரத்துக்குள் கல் உருட்டியதுபோல ஒரு சத்தம். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பின்னால் கறுப்பாகப் புகை போனது. மனைவி பயணி பக்கத்துக் கதவைத் திறந்து, கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். தகரம் உக்கி, உள்ளங்கை அளவில் ஓட்டை. கீழே புல் தெரிந்தது.

"நல்லது. மெக்சிக்கோ ரோட்டை இதுக்குள்ளாலையே பாத்துக்கொண்டு போகலாம்," என்றாள்.

"உது தகரம். ஒட்டலாம். எஞ்சினைக் கேளும். கல்லு மாதிரி. இதுக்கு எந்த டீசலும் காணும். மண்ணெண்ணெய் அடிச்சாலும் ஓடும்."

"ஆர் உங்களுக்கு மண்ணெண்ணெய் அடிக்கச் சொன்னது? நாங்கள் இன்னும் தடைக்குள்ளையே இருக்கிறம்?"

"மெக்சிக்கோவிலை உள்ளுக்கை போறதெண்டால் இதுதான்."

"எனக்கு வெயில் வேணும். எந்த நாட்டு வெயில் எண்டு நான் கேக்கேல்லை. டெக்சாசிலை வெயில் இல்லையே?"

விவசாயி எங்கள் முகத்தை மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தமிழ் தெரியாவிட்டாலும் வியாபாரம் முடிந்துவிட்டது என்று அவருக்கு விளங்கியிருக்கும்.

அடுத்த கிழமை மிசிசாகாவில் பழைய ட்ரக்குகள் விற்கும் ஓர் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று பார்த்தோம். எட்டு வருடப் பழசு. இருக்கையும் ஸ்டீரிங்கும் சூடாகும். அவள் ஸ்டீரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தாள். ஒரு நிமிடம் எடுக்கவில்லை. அதோடு அது தீர்ந்தது. மெக்சிக்கோ எல்லையைத் தாண்டாமல் அமெரிக்காவின் தென்கோடியில் நிற்பது, சுத்தமான டீசல் உள்ள இடத்தை விட்டு விலகுவதில்லை என்று முடிவாயிற்று. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் போகாமல் இருப்பதைவிட அரைவாசித் தூரம் போவது மேல். விற்றவர்கள் முப்பது நாளைக்குப் பொறுப்பு எழுதித் தந்தார்கள். மெக்கானிக் வண்டியைத் தூக்கியில் ஏற்றி அடியைப் பார்த்துவிட்டு நல்லது என்றார்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமையைச் சோதனைப் பயணத்துக்குக் குறித்தோம். முதல்நாள் நான் வண்டியைக் கொண்டு பிக்கரிங்குக்கு மச்சானிடம் போனேன். மச்சான் என்றால் மனைவியின் தமையன். என்னுடைய வயதுதான். ஊரில் வெங்காயமும் புகையிலையும் செய்த கமக்காரன். இப்போது மகனின் புது வீட்டில் இருந்துகொண்டு, பின்வளவில் மிளகாயும் கத்தரியும் வைத்து, பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரருக்கும் கொடுத்துக்கொண்டிருப்பவன். ட்ரெய்லரைக் கொழுவும் கொளுக்கியைப் பொருத்த உதவிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. வேலை முடிந்ததும், போகிற வழியில் கடையில் டெஃப் வாங்க வேண்டும், தாங்கியில் அரைவாசிக்கும் குறைவு என்றேன்.

"என்ன அது?"

சொன்னேன். அவன் சிரிக்கத் தொடங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தான்.

"யூரியாவையும் தண்ணியையும் கடையிலை காசு குடுத்து வாங்கப் போறியோ? மச்சான், நீ எந்த ஊர்?"

சண்டை நடந்த காலத்தில் போராளிகள் வெடிமருந்து செய்வார்கள் என்று யூரியாவை எங்கள் பக்கத்துக்கு வரவிடாமல் மறித்தார்கள். ஒரு பைக்குக் கடிதத்தோடு இராணுவ முகாம் வாசலில் மூன்று நாள் நின்றவன் அவன். நின்றும் கிடைக்கவில்லை. அந்த வருடம் வெங்காயம் மஞ்சளாகிப் போயிற்று. இப்போது கராஜின் மூலையில் அவனுக்கு ஒரு முழுப் பை யூரியா இருந்தது. கோடையில் மிளகாய்க்குப் போட்டதன் மிச்சம். தமிழ் விவசாயி ஒருவனிடம் யூரியாத் தண்ணீர் விற்பவன் எவ்வளவு பெரிய கள்ளன் என்று அவனுக்கு ஒரு கோபமும் வந்தது.

வண்டிக்குள் கிடந்த டெஃப் வெறும் பெட்டியில் எத்தனை பங்கு யூரியா என்று எழுதியிருந்தது. மருமகளின் சமையல் தராசைக் கொண்டுவந்து நிறுத்தான். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்துக் கரைத்தான். யூரியா கரையும்போது தண்ணீர் ஐஸ்போலக் குளிர்ந்தது. வாளியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்," என்றான். பிறகு வெள்ளைத் துணியில் வடித்தான். கடைசியாகக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துவந்து வாளிக்குள் விட்டான். முட்டை மேலே வந்து, ஒரு நாணயம் அளவு முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

"பாத்தியே? விதைநெல்லுக்கு உப்புத்தண்ணி பாக்கிற மாதிரித்தான். முட்டை மிதந்தால் பதம் சரி."

அது எனக்கும் தெரிந்த முறைதான். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பதர் நெல்லைப் பிரிப்பதற்கு அப்படித்தான் உப்புக் கரைசலின் கனத்தைப் பார்ப்பார்கள். மெக்கானிக்கும் அதே சாமான் என்றுதானே சொன்னார் என்று நினைத்தேன். வாளியைச் சாய்த்தவன் அவன். நீல மூடியைத் திறந்து புனலைப் பிடித்தவன் நான். மனைவியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்லத்தக்க விஷயமாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு குறையும் இல்லை. ட்ரெய்லரைக் கொழுவிக்கொண்டு நெடுஞ்சாலை 401இல் கிழக்கே ஓடினோம். பின்னால் அவ்வளவு பெரிய வீடு வருவது வண்டிக்குத் தெரியவே இல்லை. கிங்ஸ்ரனுக்கு இந்தப் பக்கம் ஏரிக்கரையில் ஒரு முகாமிடத்தில் நிறுத்தினோம். மரங்கள் சிவந்து முடிந்து கொட்டிக்கொண்டிருந்தன. கோடைக்காரர்கள் போய்விட்டதால் எங்களைத் தவிர மூன்று ட்ரெய்லர்கள்தான் நின்றன. இரண்டு நாளும் அவள்தான் சமைத்தாள். றால் குழம்பு வைத்தாள். சின்ன அடுப்பில் புட்டு அவித்தாள். பக்கத்து ட்ரெய்லர் கிழவி மணம் பிடித்து வந்து ஒரு கிண்ணம் வாங்கிப் போனாள். சனிக்கிழமை பின்னேரம் மனைவி மேசையில் இருந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"விலகல் கடிதம் எப்பிடித் தொடங்கிறது? 'அன்புள்ள' எண்டு போடுறதோ?"

"பத்தொன்பது வருசம் மீன் பிடிச்சுத் தந்த மாதிரிக் கேக்கிறீர். பேரைப் போட்டால் காணும்."

"நான் பிடிக்கேல்லை. பொதி பண்ணினனான்," என்று திருத்தினாள்.

ஞாயிறு காலை கொழுவிக்கொண்டு புறப்பட்டு இருபது நிமிடம் இருக்கும். வண்டி மணி அடித்தது. ஸ்டீரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு வாசகம் வந்தது. என்னைவிட அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"டெஃப் தரம் சரியில்லையாம். இன்னும் நூற்றறுபது கிலோமீற்றர் போனால் வேகத்தைக் குறைச்சுப்போடுமாம்."

ஸ்காபரோவுக்கு இன்னும் நூற்றறுபதுக்கு மேல் இருந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் ஒன்றும் விளங்காத ஆள்போல முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அந்த எண் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தது. நூற்றைம்பது. நூற்று நாற்பத்தொன்று. அவள் மெக்கானிக்குக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் தேவாலயத்தில் நின்றார். பூசை முடிந்து கராஜைத் திறப்பதாகச் சொல்லிவிட்டு, ஒரு விஷயத்தை இரண்டு தரம் சொன்னார்:

"எஞ்சினை மட்டும் நிப்பாட்டாதேங்கோ. நிப்பாட்டித் திருப்பி ஸ்டார்ட் பண்ணினால் நடக்கிற வேகத்திலைதான் போகும்."

அவள் தொலைபேசியை மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"சரி. அப்ப நாளைக்குக் கடிதம் இல்லை. வண்டி சரியில்லை."

அவள் குரலில் கோபம் இல்லை. பஸ் தவறிப்போனால் அடுத்த பஸ்ஸைப் பார்ப்பதுபோலச் சொன்னாள். அவள் கடிதம் கொடுக்காவிட்டால் இன்னும் ஒரு குளிர்காலம் அந்த அறையில் நிற்பாள். புண் விரல் நுனியில் நிற்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு வசதி. வண்டி வந்ததே பிழையாகத்தான் என்று சொல்லலாம். முப்பது நாள் பொறுப்பு இன்னும் முடியவில்லை. விற்றவர்கள் திருத்தித் தரக்கூடும். ஆனால் அவள் மனத்தில் அந்த வண்டி செத்துவிடும். பிறகு வேறு வண்டி, வேறு சோதனை என்று அவளிடம் பேச எனக்கு வாய் இல்லை. பொய் பல இடங்களில் எனக்கு உதவியிருக்கிறது. எல்லைகளில், அலுவலகங்களில், வீட்டுக்காரர்களிடம். இங்கே அந்தக் கணக்கு சரிவரவில்லை.

எண் நூற்றுக்குக் கீழே இறங்கியபோது சொன்னேன். பையை, வாளியை, துணியை, முட்டையை. முட்டையை விட்டிருக்கலாம். ஆனால் தொடங்கியபின் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"முட்டையோ?"

"ஓம்."

"கோழி முட்டையோ?"

"வேறை என்ன முட்டை?"

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று வெளியேறும் வழிகள் கடந்து போயின. அழுகிறாளோ என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. திரும்பியபோது பார்த்தேன், சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தாள். பிறகு அதுவும் நின்றது.

"வண்டியிலை பிழை இல்லையோ?"

"இல்லை. வண்டி சொன்னது சரி."

"வடிவாச் சொல்லுங்கோ. வண்டியிலை ஒரு பிழையும் இல்லை?"

"ஒண்டும் இல்லை. பிழை என்னிலை."

"வண்டியிலை பிழை எண்டால்தான் எனக்குப் பயம். எங்கை, எப்ப நிக்கும் எண்டு தெரியாது. உங்களிலை எண்டால் அது எனக்குத் தெரிஞ்ச பிழை."

குறைந்துகொண்டிருந்த எண்ணைப் பார்த்தபடி ஓட்டினேன்.

கோபோர்க் தாண்டி ஓய்விடம் ஒன்றில் அவளுக்கு இறங்க வேண்டியிருந்தது. எஞ்சினை ஓடவிட்டபடி நான் வண்டிக்குள் இருந்தேன். அவள் போய் வந்தபின், "நீங்களும் போங்கோ, நான் காவல் இருக்கிறன்," என்றாள். நான் இறங்கியதும் கதவுகளைப் பூட்டிக்கொண்டு சாரதி இருக்கையில் ஏறி, இரண்டு கைகளையும் ஸ்டீரிங்கின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஓசாவாவுக்குக் கிட்ட எண் பூச்சியமானது. வண்டி எண்பதுக்கு மேல் போக மறுத்தது. மிதித்தாலும் போகாது. வலது ஓரமாக, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தோம். பெரிய லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தன. ஒருவன் கண்ணாடியை இறக்கிக் கையால் ஏதோ காட்டினான். அவள் அவனுக்குச் சிரித்தபடி கை அசைத்தாள். பண்ணைக்குப் போய், எஞ்சினை நிறுத்தாமலே ட்ரெய்லரைக் கழற்றி விட்டோம்.

கராஜுக்கு வந்தபோது மெக்கானிக் பூசைக்குப் போன வெள்ளைச் சட்டையோடு நின்றார். எங்களுக்கு முன்னாலேயே மச்சான் வந்து நின்றான். தங்கச்சி தொலைபேசியில் அவனிடம் என்ன சொன்னாளோ தெரியாது. அவனது தலை கொஞ்சம் குனிந்திருந்தது. ஆனால் வாய் குனியவில்லை.

மெக்கானிக் புகைக்குழாயில் டெஃப் தெளிக்கும் மூக்கைக் கழற்றி எடுத்துக் காட்டினார். கற்கண்டு பிடித்ததுபோல வெள்ளையாகக் கட்டியிருந்தது. மச்சான் ஒரு துண்டைப் பிய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"யூரியாதானே! சுத்தமான யூரியா."

"அண்ணை, உது பயிருக்குச் சுத்தம். உங்கடை உருண்டையளுக்கு மேலை ஒரு பூச்சு இருக்கு, கட்டிபடாமல் இருக்க. அது இதுக்கை போகப்படாது. தண்ணி எங்கை பிடிச்சனியள்?"

"குழாயிலை. நாங்கள் குடிக்கிற தண்ணி."

"மனிசர் குடிக்கிற தண்ணியிலை சுண்ணாம்பு இருக்கு, உப்பு இருக்கு. மனிசருக்கு அது பரவாயில்லை."

"முட்டை மிதந்ததே, தம்பி!"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் அந்த மூக்கை மேசையில் வைத்தார். தாங்கியைக் கழுவ வேண்டும், தெளிக்கும் மூக்கையும் பம்பையும் மாற்ற வேண்டும், உள்ளே இருக்கும் மற்றப் பெரிய பாகம் தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் திறந்து பார்த்துத்தான் சொல்லலாம், சாமான் வர எத்தனை நாளாகும் என்று தெரியாது என்றார். மச்சான் என்னை ஓரமாக இழுத்தான்.

"முப்பது நாள் பொறுப்பு இருக்கல்லோ? வித்தவனிட்டைக் கொண்டுபோய் விடு. இப்பிடித்தான் வந்தது எண்டு சொல்லு."

ஓரமாக என்றாலும் அவனுக்கு மெல்லப் பேச வராது. மனைவிக்குக் கேட்டுவிட்டது.

"அண்ணா, நீ வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு. இல்லாட்டி முட்டையைக் கொண்டுபோய் அவங்களிட்டைக் காட்டு."

மெக்கானிக் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ தேடினார். சிரித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். வண்டியை அவரிடமே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். செலவு எங்களுடையது. மச்சான் அரைவாசி தருவதாகச் சொன்னான். மனைவி வேண்டாம் என்றாள். வசந்தத்தில் வந்து மிளகாய்க் கன்று தா, போதும் என்றாள்.

நிபந்தனையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சின்னதோ பெரிசோ என்று அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. இது பெரிது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வேலைக்குக் கொண்டுபோகும் பையை வழக்கம்போல அடுக்கி வைத்தாள். கம்பளிக் காலுறை, இரண்டு சோடிக் கையுறை, களிம்பு. அதோடு அது முடிந்தது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் அவளோடு நானும் பஸ்ஸில் போனேன். வழக்கமாகப் போவதில்லை. தொழிற்சாலை வாசலில் பல நாட்டுப் பெண்கள் இறங்கி வரிசையாகப் போனார்கள். அவளும் அவர்களோடு உள்ளே போனாள். எதிரே ஒரு கோப்பிக் கடை இருந்தது. எனக்கு அன்று வேலை இல்லை. அங்கே இருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரைக்கு அவர்களுக்குச் சின்ன இடைவேளை. அவள் வெள்ளை அங்கியோடும் தலையில் வலையோடும் தெருவைக் கடந்து வந்தாள். இடைவேளையில் அவள் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. உள்ளே வந்து எனக்கு எதிரே இருந்து, என் கோப்பையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தாள். விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன.

"குடுத்திட்டன்," என்றாள்.

"என்ன?"

"கடிதம். ராத்திரி நீங்கள் குறட்டை விடேக்கை எழுதினனான். பேரைப் போட்டுத்தான் தொடங்கினனான்."

"வண்டி இன்னும் கராஜிலை நிக்குது."

"தெரியும். ரெண்டு கிழமை நிண்டு வேலை செய்ய வேணுமாம். அதுக்கிடையிலை திருத்துவாரோ?"

"தெரியாது. சாமான் வர வேணும். உள்ளுக்கை இருக்கிறது தப்பினதோ எண்டும் தெரியாது."

அவள் கோப்பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"இனி டீசலும் மற்றத் தண்ணியும் நான்தான் விடுவன். பெட்டியிலை எழுதினதை வாசிச்சுப்போட்டுத்தான் விடுவன். நீங்கள் மூடியைத் தொடப்படாது. விளங்கிச்சுதோ?"

"விளங்கிச்சுது."

"வண்டியைத் திருத்தாட்டில்?" என்று பிறகு அவளே கேட்டாள்.

"திருத்தாட்டில் என்ன செய்யிறது?"

"பஸ்ஸிலை போவம்," என்றாள். மணியைப் பார்த்தாள். கோப்பையில் மிச்சம் இருந்ததைக் குடித்துவிட்டு எழுந்து, திரும்பவும் தெருவைக் கடந்து உள்ளே போனாள். இரண்டு கிழமையில் முதல் நாள்.